டச் ஸ்கிரீன்ல வளையம், கோடு, வானவில், மினுக்கம் தெரியுதா? காம்போ மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ஸ்கிரீன்ல ஒரு கோடோ வளையமோ கலர் திட்டோ தெரிஞ்சா நம்ம ஆளுங்க நேரா கடைக்குப் போயி "அண்ணே, டிஸ்பிளே போச்சு, காம்போ என்ன ரேட்டு"ன்னு தான் கேக்குதாங்க. காம்போன்னா டச்சும் டிஸ்பிளேயும் சேர்ந்து ஒண்ணா வர்ற செட்டு, கொஞ்சம் நல்ல போனா இருந்தா போன் வெலையில பெரிய பங்கு அதுக்கே போயிரும். அவ்வளவு காச எடுத்துக் கொடுக்கதுக்கு முன்னாடி வீட்லயே உக்காந்து பாக்க வேண்டியது ஒருபாடு இருக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு பக்கம் கடல் உப்பு, ஒரு பக்கம் ஆரல்வாய்மொழி காத்து, வருசத்துல ரெண்டு மழை, இதுக்குள்ள போன் வச்சிருக்கவங்களுக்கு வர்ற தொல்லையில நிறைய மேல ஒட்டுன கண்ணாடியோட நின்னு போற சமாச்சாரம், பேனல் வரைக்கும் போவவே போவாது.

முதல்ல ஒரு விசயம் மனசுல வச்சுக்கிடுங்க. ஸ்கிரீன்ங்கது ஒரே கண்ணாடி கெடையாது, அடுக்கு அடுக்கா இருக்கும். மேல நீங்க ஒட்டுன டெம்பர்ங்கத காப்புக் கண்ணாடி, அதுக்கு கீழ போனோட சொந்த கண்ணாடி, அதுக்கு கீழ ஓசிஏன்னு சொல்லுத தெளிவான பசை, வெளிச்சத்த ஒரு திசையில மட்டும் விடுத போலரைசர் ஷீட், டச் சென்சார், கடைசியில படம் காட்டுத பேனல். போனுக்கு போன் வரிசை கொஞ்சம் மாறும், இப்ப வர்றதுல டச்ச பேனலுக்குள்ளயே வச்சுருதாங்க. எந்த கோளாறா இருந்தாலும் அது எந்த அடுக்குல இருக்குன்னு மேலருந்து கீழ ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். மேல் அடுக்கு கோளாறு நூறு இருநூறு ரூவாயில தீரும், சிலது துணிய வச்சு தொடைச்சாலே தீரும், கடைசி அடுக்கு மட்டும் தான் கைய கடிக்கும்.

முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். கோடோ திட்டோ தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்ல வேற யார் போனுக்காவது அனுப்பி அதுல திறந்து பாருங்க. அந்த போன்லயும் அதே கோடு தெரிஞ்சா உங்க ஸ்கிரீன் மேல எந்த தப்பும் இல்ல, ஆப்போ சாஃப்ட்வேரோ தான் காரணம், அப்டேட் பண்ணுறது, அந்த ஆப்ப அழிச்சு திரும்ப போடுறது, நாம போட்ட ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடுல போட்டு பாக்குறதுன்னு அந்த வழியில போவணும். அந்த போன்ல சுத்தமா தெரிஞ்சா கோளாறு உங்க பேனல்லயோ அதுக்கு மேல உள்ள அடுக்குலயோ இருக்கு. விட்டு விட்டு மினுக்குதுன்னா ஸ்கிரீன்ஷாட்ல மாட்டாது, ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஓட விட்டுப் பாருங்க. சில ஆண்ட்ராய்டு போன்ல குறிப்பிட்ட ஆப் திறக்கும்போது மட்டும் கட்டம் கட்டமா மினுக்கும், அதுக்கு செட்டிங்ஸ்ல மறைஞ்சு கெடக்க டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ஹார்ட்வேர் ஓவர்லேய டிசேபிள் பண்ணி பாத்தா நின்னுரும், ஆனா பேட்டரி கொஞ்சம் கூட இழுக்கும்.

டெம்பர் பண்ணுத கூத்து

ஸ்கிரீன்ஷாட் சுத்தமா இருந்தா அடுத்து டெம்பர கழட்டணும். புதுசா ஒட்டுனதுன்னு மனசு வராது, இருந்தாலும் கழட்டிட்டு பாருங்க. வளையம் வளையமா, கலர் கலரா, விரல வச்சு அமுக்குனா நகந்து நகந்து போற மாதிரி தெரியுதுல்ல, அதுக்கு பேரு நியூட்டன் வளையம். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ரொம்ப மெலிசா ஒரு காத்து இடைவெளி இருந்தா மேல் கண்ணாடியோட அடிப்பக்கத்துல பட்டு திரும்புற வெளிச்சமும் கீழ் கண்ணாடியோட மேல்பக்கத்துல பட்டு திரும்புற வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு சேரும்போது சில கலர் கூடும் சில கலர் குறையும், இடைவெளி எடத்துக்கு எடம் மாறுறதுனால வளையமா தெரியும். மழை பெஞ்ச ரோட்டுல வண்டி எண்ணெய் ஒழுகி கெடந்தா வானவில் மாதிரி தெரியும்ல, அதே சங்கதி தான் இங்கயும், அங்க எண்ணெய் படலம், இங்க காத்து படலம். அதனால வளையம் தெரிஞ்சா டிஸ்பிளே கசிஞ்சிட்டுன்னு பயப்படாதீங்க, இடைவெளிய இல்லாம ஆக்கினா வளையமும் இல்லாம ஆயிரும்.

இது அதிகமா வர்றது ஓரத்துல மட்டும் பசை உள்ள டெம்பர்ல. நடுவுல பசை இருக்காது, சும்மா கண்ணாடி மேல கண்ணாடி கெடக்கும். வளையம் வராம இருக்கதுக்குன்னே அந்த டெம்பரோட அடிப்பக்கம் பொடிப்பொடியா புள்ளி அச்சடிச்சிருப்பாங்க, வெள்ளை ஸ்கிரீன் வச்சு சாய்ச்சு பாத்தா அந்த புள்ளியே வலை மாதிரி தெரிஞ்சு கண்ண உறுத்தும். அது போக டச்சும் சரியா எடுக்காது, வெளிச்சமும் குறையும். கண்ணாடிக்கும் காத்துக்கும் நடுவுல உள்ள ஒவ்வொரு முகத்துலயும் ஏறக்குறைய 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிரும், இடைவெளி விட்டா அப்படி ரெண்டு முகம் புதுசா சேருது, வெயில்ல நின்னு பாத்தா ஸ்கிரீன் வெளிறிப் போறதுக்கு அது ஒரு காரணம். அதனால கடையில கேக்கும்போது "ஃபுல் க்ளூ" டெம்பர்னு கேட்டு வாங்குங்க. பசை முழுக்க இருந்தா அந்த ரெண்டு முகமும் கிட்டத்தட்ட மறைஞ்சு போவும், ஏன்னா பசை வெளிச்சத்த வளைக்குத அளவும் கண்ணாடி வளைக்குத அளவும் ஒட்டி ஒட்டி இருக்கும்.

ஒட்டும்போது தூசி தான் நம்ம ஊர்ல பெரிய எதிரி. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவா வழியா காத்து அடிக்கத பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, தோவாளை பக்கம் உள்ளவங்க வீட்ல சன்னல அடைச்சு வச்சாலும் மேசையில மண்ணு நிக்கும். பேன ஆஃப் பண்ணுங்க, சன்னல அடைங்க, முடிஞ்சா குளிச்சு முடிச்ச பாத்ரூம்ல போயி ஒட்டுங்க, காத்துல உள்ள தூசி ஈரத்துல அடங்கியிருக்கும். முதல்ல டெம்பர் கூட வர்ற ஆல்கஹால் துணியால தொடைச்சு, பிறகு காஞ்ச துணியால தொடைச்சு, டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாத்து, நிக்குத ஒவ்வொரு தூசியையும் கூட வர்ற ஸ்டிக்கராலயோ செல்லோ டேப்பாலயோ தொட்டு தொட்டு எடுங்க. கண்ணுக்கு தெரியாத தூசி ஒண்ணு உள்ள மாட்டுனாலும் அத சுத்தி கடுகு அளவுக்கு ஒரு குமிழ் நிக்கும், அமுக்கி அமுக்கி பாத்தாலும் போவாது. அப்படி நின்னா பிளாஸ்டிக் கார்டு வச்சு அந்த மூலைய பைய தூக்கி, தூசிய டேப்பால எடுத்துட்டு, திரும்ப விடுங்க. வெறும் காத்துக் குமிழா இருந்தா ஒண்ணும் பண்ண வேண்டாம், பொடி குமிழ் ஒண்ணு ரெண்டு நாளுல தானே அடங்கும்.

ஓரம் வளைஞ்ச ஸ்கிரீனுக்கு யூவி லைட் பட்டா ஒறையுத பசைய ஊத்தி, அந்த லைட்ட அடிச்சு ஒட்டுதாங்க. படம் தெளிவா தெரியும், கைரேகையும் எடுக்கும், ஆனா பசை கூடிப் போச்சுன்னா இயர்பீஸ் வலைக்குள்ளயும் வால்யூம் பட்டன் சந்துலயும் இறங்கி ஒறைஞ்சிரும். ஒட்டுதவரு சந்த எல்லாம் டேப் போட்டு மறைக்காம ஊத்த ஆரம்பிச்சா அங்கயே நிறுத்தச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

மேட் டெம்பரும் பிரைவசி டெம்பரும் கேட்டு வாங்குதவங்க இருக்காங்க. மேட்ல டியூப்லைட் எதிரொளிப்பு குறையும், ஆனா வெள்ளை ஸ்கிரீன்ல பொடி பொடியா மின்னும், ஏன்னா மேல உள்ள சொரசொரப்பும் கீழ படத்த உண்டாக்குத பொடிப் புள்ளியான பிக்சலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போவாது, பிக்சல் பொடிசா உள்ள நல்ல ஸ்கிரீன்ல இது இன்னும் எடுத்துத் தெரியும். நேரடி வெயில்லயும் மேட் உதவாது, வெளிச்சத்த எல்லா பக்கமும் செதற விட்டு படத்த சாம்பல் பூசுன மாதிரி ஆக்கிரும். பிரைவசி டெம்பர்ல நேரா பாத்தா கூட வெளிச்சம் குறையும், நீங்க பிரைட்னஸ கூட்டுவீங்க, பேட்டரி போவும், போன் சூடாவும். பஸ்ல பக்கத்துல இருக்கவரு எட்டி பாக்குதாருங்கது பெரிய தொல்லைன்னா போடுங்க, இல்லன்னா சாதா தெளிவு டெம்பரே போதும்னு தான் நான் சொல்லுவேன்.

உப்பு, மணல், எண்ணெய், ரப்பர் பால்

முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம்னு கடலோரத்துல இருக்கவங்க போன்ல சாயங்காலம் ஆனா ஒரு மங்கலான படலம் நிக்கும், லைட்டுக்கு நேர பிடிச்சா லைட்ட சுத்தி ஒரு ஒளிவட்டம் தெரியும். ஸ்கிரீன் மங்கிப் போச்சுன்னு நெனச்சுருவாங்க, அது அலையில தெறிச்சு காத்துல வர்ற உப்பு. அத காஞ்ச துணியால தேய்க்காதீங்க, சட்டை நுனியால ஒரு இழுப்பு இழுக்குத பழக்கத்த முதல்ல விடணும். உப்பு கண்ணாடிய விட மிருதுவானது தான், கண்ணாடிய கீறாது, ஆனா கண்ணாடி மேல விரல் எண்ணெய் ஒட்டாம இருக்க கம்பெனிக்காரன் ஒரு மெலிசான பூச்சு பூசியிருப்பான், அது தேய்ஞ்சு போவும், தேய்ஞ்ச பிறகு எவ்வளவு தொடைச்சாலும் விரல் ரேகை போவாது. நல்ல தண்ணியில நனைச்சு நல்லா பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணியால முதல்ல ஒத்தி எடுங்க, உப்பு கரைஞ்சு துணியில ஏறும், பிறகு துணிய திருப்பி காஞ்ச பக்கத்தால ஒரே திசையில தொடைங்க.

மணல் அப்படி இல்ல. போன் கண்ணாடி சாதாரணமா கீறல் தாங்குத கடினத்த சொல்லுத மோஸ் அளவுல 6 வாக்குல இருக்கும், குவார்ட்ஸ் மணல் 7. நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுல இல்மனைட்டும் மோனசைட்டும் மட்டுமில்ல, கார்னெட்டும் சிர்கானும் இருக்கு, அத எடுக்கதுக்குன்னு தான அங்க மத்திய அரசோட ஐஆர்இஎல் ஆலையே இருக்கு. கார்னெட் ஆறரையில இருந்து ஏழரை, சிர்கான் ஏழரை. அந்த மண்ணு ஒட்டுன கையோட ஸ்கிரீன ஒரு தடவை துடைச்சா மயிரிழை கோடு விழுந்திரும், சாய்ஞ்ச வெயில்ல அதெல்லாம் பளிச்சுன்னு மின்னும், எந்த பாலீஷும் வீட்ல வச்சு அத போக்காது. பீச்சுக்கு போனா போன மணல்ல வைக்காதீங்க, மணல் பட்டா தொடைக்காம ஊதி விடுங்க, இல்ல கவுத்து பிடிச்சு பின்பக்கம் தட்டுங்க, மிச்சத்த டேப்பால எடுங்க. இங்க டெம்பர் போட்டே ஆவணும்னு நான் சொல்லுதது கீழ விழுறத நெனச்சு மட்டும் இல்ல, இந்த மணலுக்காகவும் தான்.

தேங்காண்ணெ கை பட்டா கலர் கலரா பூசிக்கிடும், அதுக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால துணியில கொஞ்சூண்டு நனைச்சு தொடைச்சா போதும், ஸ்கிரீன் மேல நேரா ஊத்தவோ ஸ்பிரே அடிக்கவோ வேண்டாம், தெனமும் பண்ணவும் வேண்டாம். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனர், பெட்ரோல், தின்னர், டூத் பேஸ்ட் இதுல எதையும் கிட்ட கொண்டு வராதீங்க, யார் சொன்னாலும் சரி. குலசேகரம், திருவட்டாறு பக்கம் பால் வெட்டுக்கு போறவங்க போன்ல ரப்பர் பால் தெறிக்கும், ஈரத்தோட தொடைச்சீங்கன்னா ஸ்கிரீன் முழுக்க வெள்ளையா பூசி விட்டுரும். அப்படியே காய விடுங்க, காஞ்ச பிறகு ஓரத்துல விரல் நுனியால உருட்டுனா படலமா உரிஞ்சு வந்திரும், கண்ணாடியில ஒண்ணும் நிக்காது.

வெயிலும் கூலிங் கிளாஸும்

குளச்சல்ல வள்ளம் வச்சிருக்க ஒரு அண்ணன் போன கொண்டு வந்து காட்டுனாரு. "தம்பி, கடல்ல போனா ஸ்கிரீன் கறுத்துப் போவுது, கரைக்கு வந்தா சரியாவுது, உப்பு உள்ள போயிருக்குமா?" அவரு நெத்தி மேல ஏத்தி வச்சிருந்த கூலிங் கிளாஸ கண்ணுல போடச் சொல்லி, போன நேரா பிடிச்சுட்டு அப்படியே படுக்கையா திருப்பச் சொன்னேன். திருப்பத் திருப்ப இருட்டுச்சு. "இதுவா காரணம்!"ன்னாரு. போலரைஸ்டு கண்ணாடி அது, தண்ணியில பட்டு வர்ற கூச்சத்த தடுக்கதுக்காக கடலுக்கு போறவங்க போடுறது. எல்சிடி, அதாவது பின்னால லைட் வச்சு படம் காட்டுத ஸ்கிரீன்ல இருந்து வர்ற வெளிச்சம் ஒரே திசையில அதிர்ற வெளிச்சம், கண்ணாடியும் ஒரு திசைய மட்டும் தான் விடும், ரெண்டும் குறுக்கால நின்னா ஒண்ணுமே தெரியாது. சில போன்ல நேரா பிடிச்சா இருட்டும், சிலதுல படுக்கையா பிடிச்சா இருட்டும். இதே கூலிங் கிளாஸ போட்டுக்கிட்டு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுன போன பாத்தா வானவில் பட்டையா தெரியும், அது பிளாஸ்டிக்குக்குள்ள இழுவிசை இருக்கதுனால வர்றது, கண்ணாடி டெம்பருக்கு மாத்துனா அனேகமா போயிரும். வள்ளத்துல ஜிபிஎஸ், ஆழம் காட்டுத எக்கோ சவுண்டர் மாட்டும்போதும் ஆணி அடிக்கதுக்கு முன்னாடி நீங்க போடுற அதே கூலிங் கிளாஸ போட்டுக்கிட்டு, நிக்குத எடத்துல நின்னு, எந்த சாய்வுல தெளிவா தெரியுதுன்னு பாத்துட்டு மாட்டுங்க.

கடல் தண்ணி ஸ்கிரீன்ல தெறிச்சா தானாவே ஆப் திறக்கும், மேப் தானா ஓடும். நம்ம விரல் மின்சாரம் கடத்தும், அது பட்டா ஸ்கிரீன்ல உள்ள மின் தேக்கம் மாறுறத வச்சு தான் டச் வேலை செய்யுது, உப்புத் தண்ணிக்கு மின்சாரம் நல்லா கடக்கும், அதனால துளியையும் விரல்னு நெனச்சுக்கிடும். துடைச்சா சரியாயிரும். துடைச்சும் சரியாவலன்னா சார்ஜர கழட்டி பாருங்க, சார்ஜ்ல இருக்கும்போது மட்டும் டச் துள்ளுச்சுன்னா சார்ஜர் தான் கோளாறு, மலிவு சார்ஜர்ல இருந்து வர்ற மின் இரைச்சல் டச்ச குழப்பும். நல்ல சார்ஜர் ஒண்ணு மாத்தி பாக்காம டச் மாத்தப் போவாதீங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல பாயிண்டர் லொகேஷன ஆன் பண்ணி ஸ்கிரீன் முழுக்க விரல இழுத்து பாத்தா கோடு எங்க அறுந்து போவுதுன்னு கண்ணால பாக்கலாம்.

கார் டேஷ்போர்டுலயோ ஆட்டோ கண்ணாடிக்கு கீழயோ வெயில்ல வச்சிருந்து எல்சிடி ஸ்கிரீன் நடுவுல கறுப்பு திட்டு விழுந்தா உடனே தண்ணியோ ஐஸோ வைக்காதீங்க. உள்ள இருக்க லிக்விட் கிரிஸ்டல் சூடு கூடுனா தன்னோட ஒழுங்க விட்டுரும், நிழல்ல வச்சு ஆறுனா தானே திரும்பிரும். ஐபோனுக்கு 0 முதல் 35 டிகிரி வரைக்கும் தான் வேலை செய்யுற சூழல்னு கம்பெனியே சொல்லியிருக்கு, நம்ம ஊர் மத்தியான வெயில்ல அடைச்ச காருக்குள்ள அதெல்லாம் எப்பவோ தாண்டிரும். மழைக் காலத்துல இன்னொண்ணு வரும், கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடிச்ச மாதிரி மங்கும். ஆஃப் பண்ணிட்டு சிம் ட்ரேய உருவிட்டு, காத்தோட்டத்துல, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவுல வைங்க. அரிசிக்குள்ள பொதைக்காதீங்க, அரிசி மாவு ஓட்டையில போயி அடையும். ஹேர் டிரையரும் வேண்டாம், ஓரத்து பசை இளகிரும். மங்கல் போன பிறகும் வெள்ளையா தழும்பு நின்னா, தண்ணி உள்ள பேக்லைட் ஷீட் வரைக்கும் போயிருக்கு, அது கடை வேலை.

மினுக்கம், நிழல், தேய்ஞ்ச படம்

ராத்திரி வெளிச்சத்த குறைச்சு வச்சு போன் பாத்தா தலைய வலிக்குதுன்னு சிலரு சொல்லுதாங்க, வேற சிலருக்கு ஒண்ணும் தெரியாது. பின்னால லைட் இல்லாம ஒவ்வொரு பிக்சலும் தானே எரியுத வகைக்கு ஓஎல்இடின்னு பேரு, நிறைய ஓஎல்இடி ஸ்கிரீன் வெளிச்சத்த குறைக்கதுக்கு வேகமா அணைச்சு அணைச்சு போடும், செகண்டுக்கு 240 தடவைங்கது பல போன்ல உள்ள கணக்கு. கண்ணுக்கு நேரா தெரியாது. தெரியணும்னா இன்னொரு போன் கேமராவ புரோ மோடுல போட்டு ஷட்டர செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குக்கு மேல வேகமா வச்சு ஸ்கிரீன பாருங்க, கறுப்பு பட்டை ஓடும். உங்களுக்கு தொல்லையா இருந்தா பிரைட்னஸ பாதிக்கு கீழ கொண்டு போவாம, அதுக்கு பதிலா எக்ஸ்ட்ரா டிம்மோ டார்க் மோடோ போட்டு குறைங்க, செட்டிங்ஸ்ல இப்படி அணைச்சு போடாம வெளிச்சத்த குறைக்குத டிசி டிம்மிங் இருந்தா ஆன் பண்ணுங்க. இருட்டு ரூம்ல ஒரு லைட்ட போட்டுக்கிட்டு பாக்குறது எல்லாத்தையும் விட நல்லது.

ஸ்க்ரோல் பண்ணும்போது வெளிச்சம் சட்டு சட்டுன்னு மாறுச்சுன்னா செகண்டுக்கு எத்தனை தடவை படம் புதுசாவுதுங்கத ரெஃப்ரெஷ் ரேட் 120க்கும் 60க்கும் நடுவுல தாவுதுன்னு அர்த்தம், 60ல நிறுத்தி பாருங்க. கறுப்பு பின்னணியில எழுத்த இழுத்தா ஊதாவா ஒரு நிழல் இழுபடும், முழுசா அணைஞ்ச ஓஎல்இடி பிக்சல் திரும்ப எரிய கொஞ்சம் தாமதமாவுது, சுத்த கறுப்பு தீம விட்டு அடர் சாம்பல் தீமுக்கு போனா குறையும்.

பர்ன் இன், அதாவது ஒரே படம் ஸ்கிரீன்ல பதிஞ்சு நிக்கது தான் உண்மையிலேயே திரும்பாத விசயம், அதனால இதுல மட்டும் முன்கூட்டியே கவனமா இருங்க. திங்கள்சந்தை, மார்த்தாண்டம், வடசேரின்னு எங்க பாத்தாலும் கடையில பழைய போன ஸ்டாண்டுல வச்சு க்யூஆர் கோட நாள் முழுக்க முழு வெளிச்சத்துல காட்டிக்கிட்டே இருக்காங்க. ஓஎல்இடி ஸ்கிரீனா இருந்தா அந்த கட்டம் அப்படியே பதிஞ்சிரும், பிறகு வெள்ளை பக்கம் எது திறந்தாலும் க்யூஆர் நிழலா தெரியும். ஒவ்வொரு பிக்சலும் எரிய எரிய தேயும், நீல பிக்சல் சீக்கிரம் தேயும், அவ்வளவு தான் காரணம். க்யூஆர ஒரு பேப்பர்ல அச்சடிச்சு லேமினேட் பண்ணி ஒட்டுங்க, அதுக்கு கரண்டும் வேண்டாம். ஆட்டோ, டாக்சி ஓட்டுறவங்க நாள் முழுக்க மேப் போட்டிருந்தா பிரைட்னஸ ஆட்டோல விடுங்க, கீழ உள்ள மூணு பட்டனுக்கு பதிலா ஜெஸ்சர் வைங்க, ஸ்கிரீன் டைம் அவுட்ட 30 செகண்டுக்கு வைங்க. பதிஞ்சத போக்கும்னு கலர் கலரா அடிக்கத வீடியோ ஓட விடுதாங்க, அது தேய்ஞ்ச பிக்சல திருப்பி கொண்டு வராது, மிச்சத்தையும் சேத்து தேய்க்கும். எல்சிடில நிழல் நின்னா மட்டும் ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி வச்சு பாருங்க, பெரும்பாலும் போயிரும்.

ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு வச்சிருக்க டீச்சர்மாருக்கு ஒரு வார்த்தை. அதுல நிறைய போர்டு இன்ஃப்ராரெட் டச், சட்டத்த சுத்தி ஒரு பக்கம் கண்ணுக்கு தெரியாத லைட்டும் எதிர்ப்பக்கம் அத வாங்குறதும் இருக்கும், விரல் அத மறைச்சா டச். அந்த சட்டத்து உள்விளிம்புல சாக்பீஸ் பொடியோ சிலந்தி வலையோ இருந்தா அதையும் விரல்னு எடுத்து தானா கோடு போடும். காஞ்ச பிரஷ்ஷால நாலு விளிம்பையும் தட்டி விடுங்க. சன்னல் வெயில் நேரா விழுந்தாலும் இதே தொல்லை வரும், வெயில்ல இன்ஃப்ராரெட் நிறைய இருக்கு, ஒரு திரைச்சீலை போட்டா தீரும். போர்ட பிள்ளைங்க போன்ல போட்டோ எடுத்தா அலை அலையா கோடு வருதுன்னா, போர்டு பிக்சலும் கேமரா பிக்சலும் ஒண்ணுக்கொண்ணு இடறுது, கொஞ்சம் தள்ளி நின்னோ சாய்ஞ்சோ எடுத்தா குறையும், வீடியோவுல பட்டை ஓடுச்சுன்னா கேமரா செட்டிங்ஸ்ல ஆண்டி ஃப்ளிக்கர 50 ஹெர்ட்ஸ்ல வைங்க, நம்ம கரண்டு அது.

உண்மையிலயே பேனல் போயிருந்தா

ஸ்கிரீன்ஷாட் சுத்தம், டெம்பர கழட்டியாச்சு, தொடைச்சாச்சு, சார்ஜர் மாத்தியாச்சு, அப்பவும் மேலருந்து கீழ வரைக்கும் பச்சையோ பிங்க்கோ ஒரு நேர்கோடு அசையாம நிக்குதுன்னா அது பேனல் தான், இல்ல பேனலுக்கு போற ரிப்பன் வயர். எல்சிடில வெள்ளையா மங்கல் புள்ளி நிக்குதுன்னா பின் பாக்கெட்டுல வச்சு உக்காந்த அழுத்தமா இருக்கலாம், இல்லன்னா பேட்டரி உப்பி பின்னாலருந்து தள்ளுதான்னு போன ஓரமா பிடிச்சு பாத்துருங்க, பேட்டரி உப்பியிருந்தா அத உடனே மாத்தணும், ஸ்கிரீன பிறகு பாக்கலாம். பச்சை கோடு வந்தவங்க முதல்ல கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, சில மாடலுக்கு வாரண்டி முடிஞ்ச பிறகும் சும்மா மாத்தி கொடுத்திருக்காங்க. கடையில போன திறந்துட்டா அந்த வாய்ப்பு போயிரும்.

வெளிக் கடையில மாத்துனா எந்த டிஸ்பிளே போடுதாங்கன்னு வாய் விட்டு கேளுங்க. ஓஎல்இடி போனுக்கு இன்செல்னு சொல்லுத, டச்ச உள்ளயே வச்ச எல்சிடி போட்டு கொடுக்குறது உண்டு, வெலை குறைவு, ஆனா கறுப்பு சாம்பலா தெரியும், ஓரத்துல வெளிச்சம் கசியும், ஸ்கிரீனுக்குள்ள உள்ள கைரேகை வேலை செய்யாது. வெலை குறைவுன்னு தெரிஞ்சே போடுறது உங்க இஷ்டம், தெரியாம போட்டுரக் கூடாது. மேல் கண்ணாடி மட்டும் ஒடைஞ்சு படமும் டச்சும் நல்லா இருந்தா கண்ணாடி மட்டும் மாத்தலாம், ஆனா அதுக்கு பிரிக்குத மெஷினும் ஓசிஏ ஒட்டுன பிறகு குமிழ் எடுக்கத மெஷினும் உள்ள கடையா இருக்கணும், கையால ஒட்டுனா சில வாரத்துல ஓரத்துல குமிழ் திரும்பி வரும்.

காசு கொடுக்கதுக்கு முன்னாடி அங்கயே வச்சு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல்னு முழு ஸ்கிரீன் படம் ஒவ்வொண்ணா போட்டு பாருங்க, இதெல்லாம் வீட்லருந்தே போன்ல சேமிச்சு கொண்டு போங்க. வெள்ளையில தூசியும் மஞ்சள் திட்டும் தெரியும், கறுப்ப கைய வச்சு மறைச்சு இருட்டுல பாத்தா ஓரத்து கசிவு தெரியும், சாம்பல்ல மேகம் மேகமா உள்ளது தெரியும். டியூப்லைட்டுக்கு கீழ சாய்ச்சு பிடிச்சா கண்ணாடிக்கு உள்ள குமிழ் இருக்கான்னு தெரிஞ்சிரும். காதுல வச்சா ஸ்கிரீன் அணையுதா, ஆட்டோ பிரைட்னஸ் ஏறி இறங்குதா, மூலை நாலுலயும் டச் எடுக்கா, இதயும் பாத்துருங்க. கழட்டுன பழைய காம்போவையும் கேட்டு வாங்கிக்கிடுங்க, படம் வர்ற ஒரிஜினல் ஓஎல்இடியா இருந்தா கண்ணாடி ஒடைஞ்சிருந்தாலும் அதுக்கு வெலை உண்டு, கடையிலயே விட்டுட்டு வாறதா இருந்தா பில்லுல அத கழிச்சுக் கொடுக்கச் சொல்லுங்க.